பெருங்குடலுக்கும் ஒரு பங்கு: குடல் பாக்டீரியாவுக்கு ஏற்ற சாப்பாட்டை எட்டு வாரத்தில் பழக்கும் வழி

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் காலராவோடு வந்து சேர்ந்த 48 பேரிடம் மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணாவின் குழு ஒரு சோதனை நடத்தியது. முடிவுகள் 2000ஆம் ஆண்டு வெளிவந்தன. மூன்றில் ஒரு பங்கினருக்கு வழக்கமான உப்பு-சர்க்கரைக் கரைசல். இன்னொரு பங்கினருக்கு அதே கரைசலில் லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவு. மீதிப் பேருக்கு லிட்டருக்கு 50 கிராம் மக்காச்சோள மாவுச்சத்து. அது சிறுகுடலில் சுலபமாகச் செரிக்காத ஒரு வகை. வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி நிற்கச் சராசரியாக 91 மணி நேரம் ஆனது. செரிக்காத மாவு கலந்து குடித்தவர்களுக்கு 57 மணி நேரம். அரிசி மாவுக்காரர்கள் இரண்டுக்கும் நடுவில் நின்றார்கள்.

செரிக்காத மாவு எப்படிப் பேதியை நிறுத்தும்? அது சிறுகுடலைத் தாண்டி அப்படியே பெருங்குடலுக்குப் போய்விடுகிறது. அங்கே இருக்கிற பாக்டீரியாக்கள் அதை நொதிக்க வைத்துச் சில சிறிய கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் சுவர் அந்த அமிலங்களை உறிஞ்சும்போது சோடியத்தையும் தண்ணீரையும் சேர்த்தே உள்ளே இழுத்துக்கொள்கிறது. வெளியே போக வேண்டிய தண்ணீர் உடம்புக்குள் திரும்புகிறது.

குடல் ஆரோக்கியம் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த வேலூர்ச் சோதனையைத்தான். செரிக்காமல் போவது வீண் என்றே பழகியிருக்கிறோம். பெருங்குடலுக்கோ நாம் செரிக்காமல் விடுகிற மிச்சம்தான் சாப்பாடு. நல்ல பாக்டீரியாவை வெளியிலிருந்து விலைக்கு வாங்கும் முன், உள்ளே இருப்பவற்றின் தட்டில் தினமும் ஏதாவது விழுகிறதா என்று பார்க்க வேண்டும். கீழே உள்ள எட்டு வாரத் திட்டம் முழுக்க அதைப் பற்றியதுதான்.

உள்ளே நடப்பது என்ன

ஒரு மனித உடலில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016இல் மறு கணக்குப் போட்டார்கள். மொத்த எடை 200 கிராம் அளவுதான். நம் செல்களைவிடப் பத்து மடங்கு அதிகம் என்று இன்னும் சிலர் சொல்வது பழைய, தவறான கணக்கு. ஏறக்குறைய சமம் என்பதே சரி. இவற்றில் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன.

இட்லியில் உள்ள மாவு, முட்டையின் புரதம், நெய் எல்லாம் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். கடைசி ஒன்றரை மீட்டருக்கு, அதாவது பெருங்குடலுக்கு, வந்து சேர்வது பெரும்பாலும் நார்ச்சத்தும் செரிக்காத மாவும்தான். பாக்டீரியாக்கள் அதைத் தின்று அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்ரேட் என்ற மூன்று கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. இதில் பியூட்ரேட்டை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். பெருங்குடலின் உட்சுவர்ச் செல்கள் தங்களுக்கு வேண்டிய சக்தியில் சுமார் 70 சதவீதத்தை இதிலிருந்துதான் எடுக்கின்றன. உடம்பின் மற்ற செல்களுக்கு இரத்தம் சோறு கொண்டுவருகிறது. இந்தச் செல்களுக்குப் பெரும்பகுதியை ஊட்டுவது பாக்டீரியா.

சாப்பாடு வராவிட்டால்? 2016இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மனிதக் குடல் பாக்டீரியாக்களைக் குடியேற்றிய எலிகளுக்கு நார் இல்லாத தீனி கொடுத்துப் பார்த்தார்கள். பசித்த பாக்டீரியாக்கள் குடல் சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது. அதன்பின் ஒரு நோய்க்கிருமியைச் செலுத்தியபோது அந்த எலிகள் மோசமாக நோயுற்றன. எலிக்கு நடந்தது அப்படியே நமக்கும் நடக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் மனிதர்களிடம் நடந்த இன்னொரு சோதனை இதோடு சேர்த்துப் படிக்கத்தக்கது.

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தின் ஸ்டீஃபன் ஓ'கீஃப் குழு 2015இல் வெளியிட்டது அது. பிட்ஸ்பர்க் நகரத்து ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 20 பேர், தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர் 20 பேர். இரு தரப்பும் இரண்டு வாரம் சாப்பாட்டை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்கர்களின் நார்ச்சத்து நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 ஆனது. கிராமத்தவருடையது 66இலிருந்து 12க்கு இறங்கியது, கொழுப்பு ஏறியது. இரண்டே வாரம். அமெரிக்கர்களின் பெருங்குடலில் பியூட்ரேட் இரண்டரை மடங்கானது, கிராமத்தவருக்குப் பாதியாகக் குறைந்தது. குடல் சுவரின் அழற்சிக் குறிகள் அமெரிக்கர்களுக்குக் குறைந்தன, கிராமத்தவருக்குக் கூடின. ஐம்பது வயதுக்கு மேல் இனி என்ன மாறப்போகிறது என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இந்த இரண்டு வாரக் கணக்கைத்தான் சொல்வேன். அதில் பங்கேற்றவர்களும் 50 முதல் 65 வயதுக்காரர்களே.

முதல் படி: தொடங்கும் முன்

மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, இரத்தசோகை, விடாத காய்ச்சல், 45 வயதுக்குப் பிறகு திடீரென மாறிய மலப் பழக்கம், குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். மூலம்தான் என்று தானாக முடிவு கட்டிக் களிம்பு தடவிக்கொண்டு ஒரு வருடத்தைக் கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

குரோன் நோய் என்ற நீடித்த குடல் அழற்சியால் குடல் சுருங்கியவர்கள், குடல் அறுவை செய்துகொண்டவர்கள், சிறுநீரகக் கோளாறுக்குப் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் ஆகியோருக்கும் இது பொருந்தாது. அவர்களுக்கான அளவை அவர்களுடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் படி: ஒரு வாரக் குறிப்பேடு

முதல் வாரம் சாப்பாட்டில் எதையும் மாற்றாதீர்கள். ஒரு பழைய நோட்டில் மூன்றை மட்டும் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டீர்கள், வயிறு எப்படி இருந்தது, மலம் எப்படி இருந்தது.

மூன்றாவதுக்குக் கூச்சம் வேண்டாம். பிரிஸ்டல் அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. உலகம் முழுவதும் குடல் மருத்துவர்கள் பயன்படுத்துவது. ஏழு வகை. முதல் வகை ஆட்டுப் புழுக்கை போலத் தனித்தனியாக, இறுகி. இரண்டாவது, அதே புழுக்கைகள் ஒட்டிக் கட்டியாக. மூன்றும் நான்கும்தான் நமக்கு வேண்டியவை: மேலே வெடிப்புள்ள உருளை, அல்லது வழவழப்பாக, பழுத்த வாழைப்பழம்போல். ஐந்திலிருந்து இளகத் தொடங்கி ஏழாவது வெறும் தண்ணீர். எண்ணை மட்டும் எழுதினால் போதும்.

அந்த வாரத்தில் ஒரு நாள் ஸ்வீட்கார்ன் ஒரு கைப்பிடியைச் சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் தோல் வெளியே தெரியும் நேரம்தான் உங்கள் குடலின் பயண நேரம். ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் என்றால் பரவாயில்லை. அதற்கும் மேல் போனால் மலச்சிக்கல் என்ற தொல்லையோடு விஷயம் முடிவதில்லை. பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நாரும் மாவும் தீர்ந்துபோன பிறகு பாக்டீரியாக்கள் புரதத்தைச் சிதைக்க ஆரம்பிக்கும். அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு போன்றவை அங்கேதான் கூடுகின்றன.

மூன்றாம் படி: நார்க் கணக்கு

2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 30 கிராம் நார்ச்சத்து என்பது நம் நாட்டுப் பரிந்துரை. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட உணவு அட்டவணையை வைத்து, ஒரு சராசரித் தமிழ் வீட்டின் நாளைக் கணக்கிட்டுப் பார்த்தேன். காலையில் மூன்று இட்லி, மதியமும் இரவுமாக 250 கிராம் தீட்டிய அரிசி, சாம்பாரில் கொஞ்சம் துவரம்பருப்பு, 100 கிராம் காய். கூட்டினால் 15, 16 கிராம் வருகிறது. பாதிதான்.

காரணம் எளிது. தீட்டிய அரிசியில் 100 கிராமுக்கு 3 கிராம் நார்கூட இல்லை. கேழ்வரகில் 11. தோலோடு உள்ள கறுப்புக் கொண்டைக்கடலையில் 25. கொய்யாவில் 8க்கு மேல்.

இந்த எண்களைப் பார்த்தபோது எனக்கு வந்தது பெரிய நிம்மதி. இடைவெளி 15 கிராம். ஒரு கை கொண்டைக்கடலை, அதாவது ஊற வைக்கும் முன் 40 கிராம், சுண்டலாகச் செய்தால் அதில் 10 கிராம் நார். ஒரு நடுத்தரக் கொய்யாப்பழத்தில் 8. பள்ளத்தை மூட இவ்வளவுதான் வேண்டும். ஓட்ஸும் வேண்டாம், கடல் கடந்து வரும் விதைகளும் வேண்டாம்.

ஆனால் நாளைக்கே இரண்டையும் சாப்பிட்டுவிடாதீர்கள். அங்கேதான் பாதிப் பேர் தோற்றுப்போகிறார்கள்.

நான்காம் படி: பயறு, இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை

பயறுகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகள் உள்ளன. இவற்றை உடைக்கும் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. முழுசாகப் பெருங்குடலுக்குப் போகும், பாக்டீரியா அதை நொதிக்க வைக்கும், வாயு வரும். ‘எனக்குப் பயறு ஒத்துக்காது’ என்று சொல்கிற பலருக்கும் உண்மையில் ஒத்துக்கொள்ளாதது திடீர் அளவுதான். பல நாள் கஞ்சி மட்டும் குடித்தவருக்குக் கல்யாண விருந்து போட்டால் என்ன ஆகும், அதே கதை. பாக்டீரியாக் கூட்டம் தன்னை மாற்றிக்கொள்ள அவகாசம் வேண்டும். சாப்பாட்டுக்கு ஏற்ப அது சில நாட்களிலேயே மாறத் தொடங்கும் என்பது 2014இல் ஆட்களுக்கு முழுச் சைவ உணவும் முழு அசைவ உணவும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் தெளிவானது. வயிறு பழக அதைவிடக் கொஞ்சம் கூடுதல் நாள் பிடிக்கும்.

செய்முறை இது. பயறை 8 முதல் 10 மணி நேரம் ஊற வையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். அந்தச் சர்க்கரைகளில் ஒரு பகுதி தண்ணீரோடு போய்விடும். சத்து போகிறதே என்று அந்தத் தண்ணீரிலேயே வேக வைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. முதல் மாதத்துக்காவது அதை விட்டுவிடுங்கள். புதுத் தண்ணீரில், விரலால் நசுக்கினால் மசியும்வரை வேக விடுங்கள். அரை வேக்காட்டுச் சுண்டல் குடலுக்குக் கடினம். முளைகட்டினால் அந்தச் சர்க்கரைகள் இன்னும் குறையும், ஆனால் முளைப்பயறையும் வேக வைத்தே சாப்பிடுங்கள்.

பாசிப்பயறில் தொடங்குவது நல்லது. வெந்தது இரண்டு மேசைக்கரண்டி, மதியச் சாப்பாட்டோடு. நான்கு நாள் அதே அளவு. வயிறு அமைதியாக இருந்தால் நான்கு கரண்டி. அப்புறம் தட்டைப்பயறு, மூன்றாம் வாரக் கடைசியில் கொண்டைக்கடலை, மொச்சை. உப்புசம் வந்தால் நிறுத்தாதீர்கள். முந்தைய அளவுக்குத் திரும்பி இன்னும் நான்கு நாள் அங்கேயே இருங்கள். தண்ணீரையும் கூட்டுங்கள். நார் நீரைப் பிடித்துக்கொள்ளும். நீர் இல்லாமல் நார் மட்டும் கூடினால் மலம் இன்னும் இறுகும்.

என் அம்மா பதினைந்து வருடம் இரவுதோறும் மலமிளக்கிச் சூரணம் சாப்பிட்டுவந்தார். பல் போன பிறகு சுண்டல் மெல்ல முடியாது என்பதால் பயறையே ஒதுக்கியிருந்தார். பாசிப்பயறைக் குழைய வேகவைத்துக் கீரையோடு கடைந்து கொடுக்க ஆரம்பித்தோம். மூன்றாவது மாதம் சூரணம் வாரத்துக்கு ஒரு முறையாகக் குறைந்தது. ஒருவருடைய அனுபவம் ஆதாரம் ஆகாது என்று தெரியும். ஆனாலும் வயதானவர்களுக்கு நார் என்றால் பச்சைக் காய்கறி சாலட் என்று நினைத்துக்கொண்டு எதுவுமே கொடுக்காமல் விட்டுவிடுகிறோம். கடைந்த பயறும் கீரையும் மசித்த கொய்யாவும் நார்தான்.

ஐந்தாம் படி: ஆறிய சோறு

சுடச்சுட வடித்த சோற்றின் மாவு பெரும்பாலும் சிறுகுடலிலேயே சர்க்கரையாகிவிடும். ஆறும்போது மாவு மூலக்கூறுகளில் ஒரு பகுதி மறுபடி இறுக்கமாக அடுக்கிக்கொள்கிறது. அந்தப் பகுதியைச் செரிப்பது நம் நொதிகளுக்குக் கடினம். வேலூரில் கொடுத்த மாவின் சின்ன வடிவம் இது. இந்தோனேசியாவில் 2015இல் அளந்து பார்த்தார்கள்: புதிதாக வடித்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராம் செரிக்காத மாவு. 10 மணி நேரம் ஆற வைத்தால் 1.30; ஒரு நாள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மறுபடி சூடாக்கினாலும் 1.65.

இரண்டு மடங்கு என்று கேட்கும்போது பெரிதாகத் தோன்றும். கிராமில் பார்த்தால் ஒரு கை சுண்டலுக்கு ஈடாகாது. பழைய சோற்றின்மேல் எனக்கு மிகுந்த பிரியம் உண்டு. அதனால்தான் அதைச் சகல நோய்க்கும் மருந்து என்று சொல்பவர்களோடு உடன்பட முடிவதில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் குடல் அறுவைச் சிகிச்சைத் துறையினர் அதை முறையாக ஆராய எடுத்துக்கொண்டது நல்ல செய்தி. சோறும் நொதித்த நீரும் வெங்காயமும் மோரும் சேர்ந்த ஒரு நல்ல காலை உணவு என்ற அளவில் இப்போதைக்கு அதை ஏற்றுக்கொள்வோம்.

வடித்த சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆறவிட்டு, முழுகத் தண்ணீர் ஊற்றி, மண்சட்டியில் துணி கட்டி மூடுங்கள். சித்திரை வெயிலில் 8 மணி நேரம் போதும், மார்கழியில் 12 ஆகலாம். காலையில் கையால் பிசைந்து, நீராகாரத்தைக் கொட்டாமல், மோரும் உப்பும் சேர்த்து, சின்ன வெங்காயத்தோடு சாப்பிடுங்கள். சின்ன வெங்காயத்தில் இனுலின் வகை நார் இருக்கிறது. பைஃபிடோபாக்டீரியா என்ற நல்ல குடல் பாக்டீரியாக்களுக்கு அது மிகப் பிடித்தது. நம் பாட்டிகள் தொட்டுக்கொண்டது வெறும் காரத்துக்காக மட்டும் இருந்திருக்கலாம், ஆனால் ஜோடி சரியாக அமைந்துவிட்டது.

எச்சரிக்கை ஒன்று. சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதை போன்ற வித்துகள் வேக வைத்தாலும் சாகாமல் இருக்கும். தண்ணீர் ஊற்றாமல் அடுப்படியில் இரவெல்லாம் கிடந்த சோற்றில் அது பெருகி, வாந்தி வரவைக்கும் நஞ்சைச் சுரக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. இதமான புளிப்பு வாசம் இல்லாமல் வேறு நாற்றம் வந்தால், நூல் நூலாக இழுத்தால், கொட்டிவிடுங்கள். கீமோதெரபி எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள் இதைத் தவிர்க்கட்டும். சர்க்கரை நோயாளிகள் அளவைக் குறைக்க வேண்டும். பழையதானாலும் சோறு சோறுதான்.

ஆறாம் படி: தயிர், மோர், மாவு

இட்லி மாவைப் பொங்க வைப்பதில் லியூக்கோனோஸ்டாக் மெசென்டெராய்டஸ் என்ற பாக்டீரியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் ஆவியில் வெந்த இட்லியில் உயிருள்ள பாக்டீரியா கிடையாது. இட்லியை உயிருள்ள பாக்டீரியா உணவு என்று சொல்வது தவறு. நொதித்தலால் தானியத்தில் இரும்பையும் துத்தநாகத்தையும் பிடித்துவைக்கும் ஃபைட்டேட் குறைகிறது, பி வைட்டமின்களில் சில கூடுகின்றன. அந்த நன்மை உண்மை, அது போதும். கொதிக்க விட்ட மோர்க்குழம்புக்கும் இதே கணக்கு. எண்ணெயிலும் உப்பிலும் ஊறிய ஊறுகாயை நொதித்த உணவாக எண்ண வேண்டாம். நாளுக்கு 5 கிராம் உப்பு என்ற வரம்பைத்தான் அது தின்னும்.

உயிரோடு உள்ளே போவது தயிரும் மோரும். ஸ்டான்ஃபோர்டில் 2021இல் 36 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நிறைய நார், இன்னொரு குழுவுக்குத் தயிர், கிம்ச்சி என்ற கொரிய நொதித்த காய்கறி போன்ற நொதித்த உணவுகள் என்று பத்து வாரம் கொடுத்தார்கள். நொதித்த உணவுக் குழுவில் குடல் பாக்டீரியாவின் வகை கூடியது. இரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. அவர்கள் சாப்பிட்டது கொஞ்சநஞ்சம் அல்ல, நாளுக்கு ஆறு பரிமாறல் அளவு. நமக்கு மதியம் ஒரு கிண்ணம் தயிரும், மாலையில் ஒரு பெரிய தம்ளர் நீர்மோரும் நல்ல தொடக்கம். தாளிப்பை ஆறவிட்டு மோரில் கொட்டுங்கள்.

பால் குடித்தால் வயிறு கலக்குகிறவர்கள் தென்னிந்தியாவில் நிறைய. வளர்ந்தபின் லாக்டேஸ் நொதி குறைந்துபோவதுதான் காரணம், அது நோயில்லை. உறையும்போதே பாக்டீரியா லாக்டோஸில் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் அவர்களில் பெரும்பாலோருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும்.

ஏழாம் படி: வகை, ஆறாம் ஏழாம் வாரங்களில்

2018இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரின் மலத்தை ஆராய்ந்த அமெரிக்கத் திட்டமொன்றில், வாரத்துக்கு 30க்கும் அதிக வகைத் தாவர உணவு சாப்பிட்டவர்களிடம், 10க்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட, பாக்டீரியாவின் வகைகள் கூடுதலாக இருந்தன. 30 என்பது மந்திர எண் அல்ல. ஆனால் ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒவ்வொரு விதமான நாரை உடைக்கத் தெரிந்தது என்பதால் இதில் நியாயம் இருக்கிறது.

உங்கள் குறிப்பேட்டைப் புரட்டி எத்தனை வகை என்று எண்ணுங்கள். கேரட், பீன்ஸ், உருளை, தக்காளி, வெங்காயம் என்று ஐந்துக்குள்ளேயே சுற்றும் வீடுகள் அதிகம். சந்தைக்குப் போகும்போது சென்ற வாரம் வாங்காத இரண்டை எடுங்கள்: கொத்தவரங்காய், அவரை, வாழைப்பூ, கோவைக்காய், பிரண்டை, பலாக்கொட்டை. கீரையை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். வாழைக்காயில் செரிக்காத மாவு நல்ல அளவில் உண்டு. ஒரு அவியல் வைத்தால் ஒரே தட்டில் ஏழெட்டு வகை வந்துவிடும். இரவுச் சாப்பாட்டில் ஒன்றைக் கேழ்வரகுக்கோ கம்புக்கோ மாற்றினால் தானியத்திலும் வகை சேரும்.

குறைக்க வேண்டியவை

மைதாப் பரோட்டா, பிஸ்கட், பாக்கெட் நொறுக்கு, இனிப்புப் பானம். இவை விஷம் என்பதால் இல்லை. இவை தட்டில் எடுக்கும் இடத்தில் பெருங்குடலுக்கு எதுவும் மிஞ்சுவதில்லை என்பதால். பதப்படுத்திய உணவில் எண்ணெயும் நீரும் பிரியாமலிருக்கச் சேர்க்கும் சில பொருட்கள் எலிகளின் சளிப்படலத்தை மெலிய வைப்பதாக 2015இல் வந்த ஆய்வும் உண்டு. மாதம் ஒருமுறை பேதி மருந்து சாப்பிட்டுக் குடலைக் கழுவும் பழக்கத்தையும் விடுங்கள். குடலில் படிந்து கிடக்கும் ‘அழுக்கு’ என்று ஒன்று இல்லை. கழுவப்படுவது நீரும் உப்பும் பாக்டீரியாவும்.

வயிறு ஒத்துழைக்காவிட்டால்

மெதுவாகக் கூட்டியும் வலியும் உப்புசமும் அடங்காதவர்களில் பலருக்கு ஐ.பி.எஸ். எனப்படும் எரிச்சல் குடல் தொந்தரவு இருக்கலாம். இவர்களுக்கு மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த உணவுமுறை பலருக்கு உதவுகிறது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பால், பெரும்பாலான பயறுகள், மாம்பழம், காலிஃப்ளவர் என்று வேகமாக நொதிக்கும் உணவுகளை இரண்டிலிருந்து ஆறு வாரம் நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது படுத்துகிறது என்று கண்டுபிடிப்பது. அந்தக் காலத்தில் சோறு, கேரட், கத்தரிக்காய், பப்பாளி, ஆரஞ்சு சாப்பிடலாம். திரும்பச் சேர்ப்பதுதான் முக்கியமான பாதி. நிறுத்தியதோடு நின்றுவிட்டால் பைஃபிடோபாக்டீரியாக்கள் பட்டினி கிடக்கும். உணவியல் நிபுணர் ஒருவரின் துணையோடு செய்யுங்கள்.

ஐ.பி.எஸ். உள்ளவர்களுக்குக் கோதுமைத் தவிட்டைவிட இசப்கோல் நல்லது. நெதர்லாந்தில் 275 பேரிடம் 2009இல் ஒப்பிட்டபோது தவிடு உதவவில்லை, இசப்கோல் உதவியது. அது குறைவாகவே நொதிப்பதால் வாயுவும் குறைவு. ஒரு தேக்கரண்டியை ஒரு முழுத் தம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். உலர்வாக வாயில் போட்டுக்கொண்டால் தொண்டையில் அடைக்கும்.

ஆன்டிபயாடிக் விஷயம் தனி. மருத்துவர் எழுதிக்கொடுத்ததை அவர் சொன்ன நாள்வரை சாப்பிட வேண்டும். சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்குவதைத்தான் நிறுத்த வேண்டும். மாத்திரை முடிந்த பிறகு பாக்டீரியாக் கூட்டம் பழைய நிலைக்கு வரப் பல வாரம் ஆகலாம். அதைச் சீக்கிரமாக்கப் புரோபயாடிக் எனப்படும் உயிருள்ள பாக்டீரியாக் காப்ஸ்யூல் விழுங்குகிறோம். 2018இல் இஸ்ரேலில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், பதினோரு வகை பாக்டீரியா கலந்த காப்ஸ்யூல் சாப்பிட்டவர்களின் சொந்தப் பாக்டீரியாக்கள் திரும்புவது தாமதமாகியே இருந்தது. மருத்துவர் ஒரு காரணத்துக்காகக் கொடுத்தால் சாப்பிடுங்கள்; பழக்கமாக வாங்க வேண்டாம். ஆன்டிபயாடிக் நாட்களில் மோரும் கஞ்சியும் பயறும் தொடரட்டும். நாளுக்கு மூன்று முறைக்கு மேல் பேதி, காய்ச்சல், வயிற்றுவலி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கிளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசில் என்ற கிருமி காலி இடத்தைப் பிடித்திருக்கலாம். அது திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து எடுத்த பாக்டீரியாக்களைச் செலுத்தி நெதர்லாந்தில் 2013இல் 16 பேரில் 15 பேரைக் குணப்படுத்தினார்கள். இதை வீட்டில் யோசிக்கவே கூடாது; மருத்துவமனையில், சோதித்த கொடையாளரிடமிருந்து மட்டும்.

வீட்டுக்கே பெட்டி அனுப்பி மலத்தைச் சோதித்துப் பாக்டீரியாப் பட்டியல் தரும் சேவைகளும் இப்போது நிறைய. அந்தப் பட்டியலை வைத்து உங்கள் சாப்பாட்டை முடிவு செய்யும் அளவுக்கு அறிவியல் இன்னும் வளரவில்லை. அந்தப் பணத்துக்கு ஒரு வருடத்துக்கான பயறு வரும்.

எட்டாம் வாரம்

குறிப்பேட்டை மறுபடி எடுங்கள். முதல் வாரம் எழுதிய அதே மூன்றையும் ஏழு நாள் எழுதுங்கள். ஸ்வீட்கார்ன் சோதனையையும் ஒருமுறை செய்யுங்கள். மலம் மூன்றுக்கோ நான்குக்கோ வந்திருந்தால், முக்காமல் போக முடிந்தால், அளவு உங்களுக்குச் சரியாக அமைந்திருக்கிறது, அதிலேயே இருங்கள். வாயு முன்பைவிடச் சற்று அதிகம், ஆனால் வலி இல்லை என்றால் அது பாக்டீரியா வேலை செய்கிறது என்பதன் அடையாளம், பயப்பட ஒன்றுமில்லை. எண் இன்னும் ஒன்றிலோ இரண்டிலோ நின்றால் தண்ணீரையும் நடையையும் பாருங்கள். இரும்புச்சத்து மாத்திரை, சில வலி மாத்திரைகள், சில இரத்த அழுத்த மாத்திரைகள் மலத்தை இறுக்கும். நீங்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள். தைராய்டு சோதனையும் ஒருமுறை செய்துகொள்ளலாம். எட்டு வாரத்தில் எதுவுமே மாறவில்லை என்றால் குடல் நோய் மருத்துவரைப் பாருங்கள், நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு. ‘வயிறு சரியில்லை டாக்டர்’ என்பதைவிட அந்தப் பக்கங்கள் அவருக்கு அதிகம் சொல்லும்.